உங்கள் போர்ட்ஃபோலியோவை நீங்களே கவனித்துக்கொள்ள: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொந்தமாகப் பங்கும் மியூச்சுவல் ஃபண்டும் வாங்கத் தொடங்கியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இந்தப் பங்கு என்னிடம் இருக்கிறது. வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா?” அந்தப் பங்கு உங்கள் மொத்தப் பணத்தில் இரண்டு சதவீதமா, நாற்பது சதவீதமா என்று தெரியாமல் இதற்கு யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. திருப்பி அதைக் கேட்டால் அநேகம் பேர் முழிப்பார்கள். எது நல்ல பங்கு என்று மாதக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, தன்னிடம் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குவதில்லை. வருகிற கேள்விகளில் பாதி அந்த ஒரு வேலையைச் செய்தாலே தீர்ந்துவிடும்.

கீழே உள்ளவை இந்தியாவில் இருந்துகொண்டு இந்தியச் சந்தையில் முதலீடு செய்கிறவர்களுக்கு. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு வரியும் கணக்கு வகையும் வேறு.

முதல் வேலை: எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவருவது

புரோக்கர் ஆப்பைத் திறந்தால் அதன் வழியாக வாங்கியது மட்டும்தான் தெரியும். முழுவதும் தெரிய வேண்டுமென்றால் சி.ஏ.எஸ். என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை எடுங்கள். உங்கள் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) இருக்கும் டெபாசிட்டரி, அதாவது என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல்., இதை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்கல் விற்றல் நடந்திருந்தால் அந்த மாதத்துக்கு ஒன்று வரும். எதுவுமே நடக்காவிட்டால் அரையாண்டுக்கு ஒன்று. கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் உங்கள் பான் எண், பெரிய எழுத்துகளில். உங்கள் பான் எண்ணில் உள்ள டீமேட் கணக்குகளும் ஃபண்ட் ஃபோலியோக்களும் (ஃபண்ட் நிறுவனங்களில் உள்ள உங்கள் கணக்குகள்) அதில் வந்துவிடும். டீமேட் இல்லாமல் ஃபண்ட் மட்டும் வைத்திருப்பவர்கள், ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் இணையதளத்தில் கேட்டால் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதைப் பார்த்துப் பழகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 நவம்பரில் கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை முறைகேடாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி, புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை போட்டது. அந்தப் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். ஆப்பில் தெரிவது புரோக்கர் எழுதும் கணக்கு, சி.ஏ.எஸ்.ஸில் வருவது டெபாசிட்டரி எழுதும் கணக்கு. இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நேற்று வாங்கிய பங்கு இன்னும் ஏறாமல் இருந்தால் பதற வேண்டாம், வாங்கிய மறு வேலைநாளில்தான் அது கணக்கில் வரும்.

சரி, தாளில் என்னென்ன எழுதுவது? நான்கு பத்தி போதும்: பெயர், வகை, இன்றைய மதிப்பு, மொத்தத்தில் எத்தனை சதவீதம். பங்கும் ஃபண்டும் மட்டும் எழுதினால் கணக்கு கோணலாகிவிடும். பி.எஃப்., பி.பி.எஃப்., வங்கி வைப்பு, தபால் நிலையச் சேமிப்பு எல்லாம் வர வேண்டும். எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசி இருந்தால் கட்டிய பிரீமியத்தையோ முதிர்வுத் தொகையையோ எழுதாதீர்கள். இன்று சரண்டர் செய்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டு அதை எழுதுங்கள். குடியிருக்கும் வீட்டையும் அவசரத் தேவைக்கு ஒதுக்கிய பணத்தையும் தாளுக்கு வெளியே வையுங்கள். அவசரப் பணம் என்பது குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவு. அதிலிருந்து வருமானத்தை எதிர்பார்க்கக் கூடாது.

நகையை எழுதலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வீட்டில் போட்டுக்கொள்ளும் நகையை நான் சேர்ப்பதில்லை. வாங்கும்போது செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் கொடுக்கிறோம், விற்கும்போது அதில் எதுவும் திரும்பி வராது. அதைவிட முக்கியமாக, தங்கம் ஏறிவிட்டது என்று யார் வீட்டிலும் தாலிக்கொடியை விற்று லாபம் பார்ப்பதில்லை. கோல்டு இ.டி.எஃப். (சந்தையில் வாங்கும் தங்க ஃபண்ட்), நாணயம், தங்கப் பத்திரம் இருந்தால் எழுதுங்கள். ஆனால் தங்கப் பத்திரத்தின் புதிய வெளியீடு 2024 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. இப்போது வேண்டுமென்றால் சந்தையில் இன்னொருவரிடமிருந்துதான் வாங்க முடியும்.

ஒரு மாதிரித் தாள். ஈரோட்டில் சம்பள வேலையில் இருக்கும் 38 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நேரடிப் பங்குகள் 4 லட்சம், ஈக்விட்டி ஃபண்டுகள் 9 லட்சம், பி.எஃப். 6 லட்சம், பி.பி.எஃப். இரண்டரை லட்சம், வங்கி வைப்பு மூன்றரை லட்சம். மொத்தம் 25 லட்சம். இதில் ஈக்விட்டி, அதாவது பங்கும் பங்குகளில் போடும் ஃபண்டும், 13 லட்சம், 52 சதவீதம். மீதி 48 சதவீதம் நிலையான வருமானம் தருவது. தினமும் ஆப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன் பணம் முழுக்கச் சந்தையில் கிடப்பது போன்ற நினைப்பு. தாளில் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். சந்தை ஆடும்போது அவருக்கு வரும் பயமும், ஏறும்போது வரும் அவசரமும் இதைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கும்.

ஈக்விட்டி எத்தனை சதவீதம் இருக்கலாம்?

நூறிலிருந்து வயதைக் கழி என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். வேறு வழியே தெரியாதவருக்கு அது பரவாயில்லை. அரசு வேலையில் இருக்கும் 45 வயதுக்காரருக்கும், கமிஷன் வருமானத்தில் குடும்பம் நடத்தும் 45 வயதுக்காரருக்கும் ஒரே பதில் சொல்கிற சூத்திரத்தை நான் பெரிதாக நம்புவதில்லை.

சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் யோசியுங்கள். 2020 ஜனவரி 14 அன்று, 50 பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டி 12,362இல் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. பத்து வாரத்தில் 38 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 25 லட்சத்தில் 60 சதவீதம், அதாவது 15 லட்சம், ஈக்விட்டியில் வைத்திருந்தவருக்கு ஏறக்குறைய 5 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய் தாளில் காணாமல் போயிருக்கும். அந்த வாரம் அலுவலகம் மூடியிருக்கிறது, அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாது, வீட்டுக் கடன் தவணை நிற்கிறது. அப்படியும் எதையும் விற்காமல் இருந்திருப்பேன் என்று சொல்ல முடிந்தால் 60 உங்களுக்குச் சரி. தயக்கமாக இருந்தால் 50, 40 என்று இறங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2008இல் ஜனவரி உச்சத்திலிருந்து அக்டோபருக்குள் நிஃப்டி சுமார் 60 சதவீதம் இறங்கியது, அந்த உச்சத்தை மறுபடி தொட 2010 நவம்பர் ஆனது. அதனால் ஐந்து வருடத்துக்குள் கல்லூரிக் கட்டணத்துக்கோ கல்யாணத்துக்கோ தேவைப்படும் பணம் ஈக்விட்டியில் இருக்கவே கூடாது.

மறுபக்கத்தில் வைக்கும் பணமும் முழுப் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. வங்கி வைப்புக்கு இருக்கும் காப்பீடு ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். அதே வங்கியின் நான்கு கிளைகளில் போட்டாலும் அதே 5 லட்சம்தான். கடன் பத்திரங்களில் போடும் டெப்ட் ஃபண்டுக்கு அந்தக் காப்பீடும் கிடையாது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு டெப்ட் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடுவதாக அறிவித்தது. பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பி வந்தது என்றாலும், அவசரத்துக்கு என்று அதில் வைத்திருந்தவர்களுக்கு அவசரத்தில் கிடைக்கவில்லை. வைப்பு நிதியைவிட ஒன்றரை சதவீதம் கூட வரும் என்று யாராவது டெப்ட் ஃபண்ட் காட்டினால், அந்த ஒன்றரை சதவீதம் யாருக்குக் கடன் கொடுத்து வருகிறது என்று கேளுங்கள்.

பதினாலு ஃபண்ட் வைத்திருக்கிறேன், எதை நிறுத்துவது?

சி.ஏ.எஸ்.ஸைத் திறந்ததும் பலருக்கு வரும் அதிர்ச்சி இது. ஒவ்வொரு வருடமும் “இந்த வருடத்தின் சிறந்த ஃபண்ட்” என்று எதையோ படித்து ஒன்று சேர்த்திருப்பார்கள்.

ஃபண்டின் பெயரைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். செபி 2017 அக்டோபரில் வகைகளை வரையறுத்தது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், அதற்குக் கீழே எல்லாம் ஸ்மால் கேப். லார்ஜ் கேப் ஃபண்ட் என்றால் பணத்தில் 80 சதவீதமாவது அந்த நூறுக்குள்தான் போட வேண்டும். உங்களிடம் மூன்று லார்ஜ் கேப் ஃபண்டுகள் இருந்தால் மூன்றின் மாதாந்திர அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் பத்துப் பங்குகளைப் பாருங்கள். எச்.டி.எஃப்.சி. வங்கியும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் ரிலையன்ஸும் பெரும்பாலும் மூன்றிலும் இருக்கும். மூன்று கம்பெனிக்குக் கட்டணம் கொடுத்து ஒரே பங்குகளை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டும் (அந்த 50 பங்குகளையே அதே விகிதத்தில் வாங்குவது) ஒரு ஃபிளெக்ஸி கேப் ஃபண்டும் (மூன்று வகைக் கம்பெனிகளிலும் போடக்கூடியது) போதும் என்பது என் கருத்து. வேண்டுமென்றால் ஒரு மிட் கேப். நான்கைத் தாண்டினால் எதற்காக என்று உங்களுக்கே ஒரு காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

வேண்டாதவற்றை ஒரே நாளில் விற்றுத் தள்ளாதீர்கள். முதலில் அவற்றில் ஓடும் எஸ்.ஐ.பி.களை, அதாவது மாதாமாதம் போகும் தவணைகளை, நிறுத்துங்கள், அதற்குச் செலவே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் பாருங்கள்: வாங்கி ஒரு வருடம் ஆகிவிட்டதா, எக்ஸிட் லோட் (வெளியேறும் கட்டணம்) இருக்கிறதா, லாபம் எவ்வளவு. ஈக்விட்டி ஃபண்டுகளில் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். எஸ்.ஐ.பி.யில் வாங்கியிருந்தால் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் ஒரு வருடம் தனித்தனியாக எண்ணப்படும், முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. வரிச் சேமிப்புக்கான இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டில் இதேபோல் ஒவ்வொரு தவணையும் மூன்று வருடம் பூட்டிக் கிடக்கும்.

அதே அறிக்கையில் ஃபண்ட் பெயருக்குப் பின்னால் “ரெகுலர்” என்று இருக்கிறதா, “டைரக்ட்” என்று இருக்கிறதா பாருங்கள். 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் இரண்டும் உண்டு. ரெகுலரில் விநியோகஸ்தர் கமிஷன் உள்ளே சேர்ந்திருக்கும். வித்தியாசம் வருடத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால் 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய், ஒவ்வொரு வருடமும். 2020 மார்ச்சில் போன் போட்டு “விற்காதீங்க சார்” என்று பிடித்து நிறுத்திய ஆள் உங்களுக்கு இருந்தால் அந்தக் காசு தகும். ஆப்பில் நீங்களே தட்டி வாங்கியும் ரெகுலர் என்று இருந்தால்தான் வயிற்றெரிச்சல். மாற்றுவதும் விற்று வாங்குவதாகவே கணக்கு, வரி உண்டு. அதனால் புதிய பணத்தை டைரக்டுக்குத் திருப்பிவிட்டு, பழையதை மெதுவாக மாற்றுங்கள்.

எனக்கு உண்மையில் எவ்வளவு வந்திருக்கிறது?

மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு மாதம் போட்டீர்கள். 1,20,000 போட்டது இன்று 1,28,000. ஆறரை சதவீதம்தானே, இதற்கு வங்கியே மேல் என்று தோன்றும். ஆனால் முதல் தவணை மட்டும்தான் முழு வருடம் உள்ளே இருந்தது, கடைசித் தவணைக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வருமானம் 12 சதவீதத்துக்கு மேல் வரும். இதைப் போட்டுத் தருவதுதான் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஒரு பத்தியில் தேதிகள், அடுத்ததில் தொகைகள். போட்ட பணம் எல்லாம் கழித்தல் குறியோடு, கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும் கூட்டலில். அந்தப் பெயருள்ள சூத்திரத்தைத் தட்டினால் விடை வந்துவிடும். ஒரு வருடத்துக்குக் குறைவான முதலீட்டுக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் ஏறினதை வருடத்துக்கு முப்பத்து நான்கு என்று காட்டி ஆசையைக் கிளப்பும்.

வந்த எண்ணை நிஃப்டி 50 டி.ஆர்.ஐ.யோடு ஒப்பிடுங்கள். சாதாரண நிஃப்டியில் டிவிடெண்ட் (கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) சேராது, டி.ஆர்.ஐ.யில் சேரும். நேரடிப் பங்கு வாங்குபவர்கள் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்கவே கூடாது. ஐந்து வருடமாக இன்டெக்ஸைவிடக் குறைவாக வந்திருந்தால், ராத்திரியில் ஆண்டறிக்கை படித்த உழைப்புக்கு என்ன கூலி கிடைத்தது என்பது தெரிந்துவிடும்.

விகிதம் மாறினால் எப்படிச் சரிசெய்வது?

ஈக்விட்டிக்கும் மற்றதற்கும் 60:40 என்று முடிவு செய்தீர்கள். சந்தை ஏறி இப்போது மொத்தம் 30 லட்சம், அதில் ஈக்விட்டி 20 லட்சத்து 40 ஆயிரம், அதாவது 68 சதவீதம். ஐந்து புள்ளிக்கு மேல் விலகினால் சரிசெய்வது என்று வைத்துக்கொண்டால் இப்போது செய்ய வேண்டும்.

விற்க ஓடாதீர்கள். மாதம் 20,000 புதிதாகப் போடுகிறவர் என்றால், அடுத்த ஒரு வருடத்துக்கு அதை முழுக்க பி.பி.எஃப்.புக்கோ வைப்புக்கோ திருப்பினால் 2,40,000 அங்கே சேரும். சந்தை அப்படியே இருந்தால் ஈக்விட்டி 63 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு ரூபாய் வரி இல்லை. விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் விற்க வேண்டியது 2,40,000. அதை 1,50,000க்கு வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபம் 90,000தான். வேறு லாபம் எதுவும் இல்லாவிட்டால் அதற்கும் வரி வராது. ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சம்பள உயர்வு வரும் மாதமோ, பிறந்த நாளோ, ஏதாவது ஒரு தேதி. இறங்கிக் கிடக்கும்போது இதே விதி உங்களை ஈக்விட்டி வாங்கச் சொல்லும். அப்போதுதான் கை வராது.

விற்பதும் வரியும்

2024 ஜூலை 23 முதல் பங்கிலும் ஈக்விட்டி ஃபண்டிலும் ஒரு வருடத்துக்குள் விற்று வரும் லாபத்துக்கு 20 சதவீதம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால், ஒரு நிதியாண்டில் முதல் 1,25,000 ரூபாய் லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். செஸ் தனி. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய டெப்ட் ஃபண்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் உங்கள் வருமான வரி விகிதத்தில் சேரும்.

நஷ்டத்தில் இருக்கும் பங்குக்கு வருவோம். “வாங்கின விலைக்கு வரட்டும், கொடுத்துவிடுகிறேன்.” 400 ரூபாய்க்கு வாங்கியது 160இல் நிற்கிறது என்றால் திரும்பி 400 வர 150 சதவீதம் ஏற வேண்டும். நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. கையில் இன்று ரொக்கமாக அந்தத் தொகை இருந்தால் இதே பங்கை இன்றைய விலையில் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை.

விற்ற நஷ்டம் வீணும் இல்லை. ஒரு வருடத்தில் நீண்டகால லாபம் 1,60,000 என்றால் விலக்கு போக 35,000க்கு 4,375 ரூபாய் வரி. அதே வருடம் அந்தப் பழைய பங்கை 60,000 நீண்டகால நஷ்டத்தில் விற்றால் நிகர லாபம் ஒரு லட்சமாகிவிடும், வரி இல்லை. குறுகியகால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான். மிச்சத்தை எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் அந்த வருட வருமான வரி ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். வரி கட்ட வேண்டியதில்லையே என்று ரிட்டர்ன் போடாமல் விட்டவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

யார் சொல்வதைக் கேட்பது?

டெலிகிராம் குழுவில் வரும் டிப்ஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆலோசனைக்குக் காசு வாங்குகிறவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, செபி இணையதளத்தில் உள்ள பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். உறுதியான வருமானம் என்று சொன்ன உடனே எழுந்து வந்துவிடலாம். டி-பின் (பங்கு விற்க ஒப்புதல் தரும் ரகசிய எண்), ஓ.டி.பி. யாருக்கும் கொடுக்கக் கூடாது, தெரிந்த தம்பியாக இருந்தாலும்.

எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வர்த்தகம்) பக்கம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு எண்: செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி. ஒவ்வொரு டீமேட் கணக்கிலும் ஃபோலியோவிலும் நாமினி போட்டிருக்கிறதா என்று சி.ஏ.எஸ்.ஸிலேயே பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் இன்னும் அப்பா பெயர் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. ஆன்லைனிலேயே மாற்றிவிடலாம். நாமினி போட்டால் பங்கு அவருக்கே சொந்தமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நாமினி முழு உரிமையாளர் ஆகமாட்டார், சட்டப்படியான வாரிசுகளுக்கே உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. குடும்பத்தில் சிக்கல் வரலாம் என்று தோன்றினால் உயிலும் எழுதி வையுங்கள்.

முதலில் தயாரித்த தாளில் இன்னொரு பத்தி சேர்த்து எந்தக் கணக்கு எந்த நிறுவனத்தில், நாமினி யார் என்று எழுதி, ஒரு பிரதி எடுத்து மனைவியிடமோ கணவரிடமோ கொடுங்கள். கடவுச்சொல் எழுத வேண்டாம். தாத்தா பெயரில் பழைய காகிதப் பங்குகள் பெட்டியில் கிடந்தால் அதையும் குறியுங்கள். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகள் மத்திய அரசின் ஐ.இ.பி.எஃப். நிதிக்குப் போய்விடும், அங்கிருந்து மீட்க முடியும், நிறைய அலைச்சல்தான்.

நாமினி மாற்றத்திலோ வேறு எதிலோ புரோக்கர் அல்லது ஃபண்ட் நிறுவனம் இழுத்தடித்தால் முதலில் அவர்களின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதி, அந்த எழுத்தைச் சேமித்து வையுங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. 21 நாளுக்குள் அவர்கள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். போனில் பேசியதை மட்டும் வைத்துப் புகார் நிற்காது, எழுத்து வேண்டும்.